சத்தத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை

மனு டைப் அடிக்கும் தொழிலில் திருட்டு, வரப்புத் தகராறு, வழி மறிப்பு எல்லாம் சுலபம். சத்தத்தைப் பற்றிய மனுதான் ஆளைக் கொல்லும். வரப்பை முழம் போட்டு அளக்கலாம். சத்தத்தை எதை வைத்து அளப்பது? இங்கிலீஷில் லவுட் என்று அடித்து, அதற்கு முன்னால் ஒரு வார்த்தை போட வேண்டும். அந்த வார்த்தைதான் முழக்கோல். பக்கத்து வீட்டு ரேடியோவால் தூக்கம் கெட்டு, காலையில் காகிதமும் கையுமாக உட்கார்ந்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் மேலே படிக்க வேண்டாம்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விருத்தாசலம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையின் முன்பக்கத்தில் என் மிஷின் இருந்தது. அப்போது நடந்தவை இவை.

வெரி

ஆரம்பத்தில் எனக்கு ஒரே வார்த்தைதான் தெரியும். வெரி. ரைஸ் மில் வெரி லவுட். கல்யாண வீட்டு மைக் வெரி லவுட். எதிர்வீட்டு நாயும் வெரி லவுட். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனுக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மனுக்களை வாங்கி அடுக்கும் குமாஸ்தா ஒருவர் டீ குடிக்க வந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் டம்ளர். ஆறிப்போகிறதே என்ற கவலை கூட இல்லை. "ஏன்யா, எல்லாமே வெரின்னா எதை நான் மேல வைக்கறது, எதைக் கீழ வைக்கறது? நாயும் ரைஸ் மில்லும் ஒண்ணா?"

ஆறு படி

மறுநாளே ஒரு டிக்‌ஷனரி வாங்கினேன். சத்தத்துக்கு முன்னால் போட இங்கிலீஷ்காரன் எத்தனை வைத்திருக்கிறான் என்று பார்க்க. பார்த்தால் விட மனமில்லை. நாம் 'காது கிழியுது' என்போம், 'மண்டையைப் பிளக்குது' என்போம். சத்தம் நம்மை என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அவன் அப்படியில்லை. 'லி' என்று முடிகிற ஒரு வார்த்தையைச் சத்தத்தின் கழுத்தில் மாட்டிவிடுகிறான். இது ஏன் இப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆறு எடுத்து ஓர் அட்டையில் எழுதி மிஷின் மூடியில் ஒட்டினேன். அடியில் வெரி. அதன் மேல் எக்ஸ்ட்ரீம்லி. அப்புறம் டெரிப்லி, பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அவர்கள் ஊரில் தலைவலிக்கே அதைப் போடுகிறார்களாம். அப்புறம் இன்டாலரபிலி, அன்பேரபிலி. இரண்டுக்கும் தாங்க முடியாத என்றுதான் அர்த்தம். எது அதிகம் தாங்க முடியாதது என்று ஒரு வாரம் தேடினேன். கிடைக்கவில்லை. உச்சியில் டெஃபனிங்லி. காது செவிடாகும் அளவுக்கு. டூ என்று ஒன்று உண்டு. அதைத் தனியாக வைத்தேன். வெரி என்றால் சத்தம் பெரியது, அவ்வளவுதான். டூ என்றால் நிறுத்து என்று அர்த்தம்.

வருகிறவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டுவேன். காய்கறி பொறுக்குவது மாதிரி பொறுக்குவார்கள். எங்கள் தாலுகா மங்களூர் விவசாயி ஒருவர், பங்காளியின் ஆயில் இன்ஜின் மேல் மனுப் போட வந்தவர், கீழே இருந்த ஐந்தையும் கையாலேயே தள்ளிவிட்டார். "உச்சியில இருக்கறதையே போடுங்க. கீழ இருக்கறதைப் போட்டா எங்க சண்டை சின்னச் சண்டைன்னு ஆயிடும்ல?"

பால் மில்லுக்காரர்

கலியமூர்த்தி ஒரு தனியார் பீங்கான் கம்பெனியில் பால் மில் ஓட்டுகிறவர். பால் மில்லில் பால் இல்லை, அது ஆள் உயர இரும்பு உருளை. களிமண், வெள்ளைக்கல் தூள், தண்ணீர், கூடவே கூடை கூடையாகக் கூழாங்கல். உள்ளே போட்டு மூடிச் சுற்றவிட்டால், கல் விழுந்து விழுந்து மண் மாவாகும். அதன் பக்கத்தில் ஒன்பது வருஷம் நின்றவர். என் எதிரில் உட்கார்ந்தார். கூட வந்த மனைவி அஞ்சலைதான் பேசினார். இடது காது போய்விட்டது. வலது பாதி. மில்லை விட்டு விலகினால் மிச்சம் நிற்கும், இல்லாவிட்டால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் அச்சுப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அரைத்த மண் கூழை அச்சில் ஊற்றி எடுக்கிற இடம், சத்தம் கிடையாது. அங்கே மாற்றச் சொல்லி மெட்ராஸில் இருக்கும் முதலாளிக்கு எழுத வேண்டும். அவர் இங்கிலீஷ் காகிதம்தான் படிப்பார். தமிழில் போனால் மேனேஜரோடு நின்றுவிடும்.

டாக்டர் சொன்னதை அப்படியே அடிக்கலாம் என்று காகிதத்தைச் செருகினேன். அஞ்சலை எழுந்து நின்று மிஷின் மேல் கையை வைத்துவிட்டார். "காது போச்சுன்னு எழுதிடாதீங்க ஐயா. செவுடன் எனக்கு எதுக்குன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. சத்தம் ஜாஸ்தி, அதை மட்டும் எழுதுங்க."

துணிக்கடையும் தகரப் பட்டறையும்

ஆக, ஒரு மனுஷனின் காதையும் வேலையையும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை தூக்க வேண்டும். யோசித்தேன். மெட்ராஸ் முதலாளி, படித்தவர், உச்சிக்குப் போனால் முகம் சுளிப்பார் என்று எக்ஸ்ட்ரீம்லியோடு நிறுத்தினேன்.

பதிலுக்குக் காத்திருந்தபோது மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். துணிக்கடை. பக்கத்துக் கடையில் ராஜு என்பவர் டிரங்குப் பெட்டி அடிக்கும் பட்டறை போட்டுவிட்டார். நாளெல்லாம் தகரத்தைத் தட்டுகிறார். "சேலை வெல நான் சொல்றது பொம்பளைங்களுக்குக் கேக்கல சார். அவங்க கொறைச்சுக் கேக்கறது எனக்குக் கேக்கல. எப்படி யாவாரம் பண்றது?" பாய்க்கும் உச்சிதான் வேண்டும். டெஃபனிங்லி போட்டேன். பாதி மனுவில் சட்டென்று எழுந்தார். "நம்ம பஸ்ஸு வந்துட்டுது சார், பாலக்கரையில திரும்புது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பஸ் வந்தது. செவிடாக்கும் சத்தத்துக்கு நடுவில் இருக்கிறவரின் காது அது.

நாலு நாள் கழித்து ராஜு வந்தார், பதில் மனு அடிக்க. நான் யாருக்கும் மாட்டேன் என்று சொல்வதில்லை. நாட் பர்ட்டிகுலர்லி லவுட், அப்படியொன்றும் பெரிய சத்தமில்லை, என்று அடித்துக்கொண்டிருக்கிறேன், பாய் தன் மனுவுக்கு நகல் கேட்டு வந்து நிற்கிறார். ராஜுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்னா சார், அடிக்கறதும் நீங்களே, மருந்து போடறதும் நீங்களேவா?"

மெட்ராஸ் பதில்

முதல் பதில் இரண்டே வரி. பால் மில் என்றால் சத்தமாகத்தான் இருக்கும். உலகம் முழுக்க அப்படித்தான். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த மனுவில் டெஃபனிங்லி போட்டேன். அந்த வார்த்தையை எத்தனையோ பேருக்குப் போட்டவன்தான். மைக்குக்குப் போட்டேன், ஆயில் இன்ஜினுக்குப் போட்டேன், துணிக்கடைக்குப் போட்டேன். எழுத்துக்கு எழுத்து அது உண்மையாக இருந்தது கலியமூர்த்தி ஒருவருக்குத்தான்.

இரண்டாவது பதில் வந்தது. இம்மாதிரி வார்த்தைகள் மனு எழுதுகிறவர்களின் வழக்கமான அலங்காரம் என்பதை நிர்வாகம் அறியும். இருந்தாலும் ஒரு என்ஜினீயரை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறோம். இதைத் தமிழில் சொன்னேன். கலியமூர்த்தி வலது காதைக் காகிதத்தின் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலைக்கு அலங்காரம் என்ற இடத்தில் முகம் மாறிவிட்டது. "நெசத்தைத்தான ஐயா எழுதுனீங்க?"

டீச்சர்

என்ஜினீயர் வருவதற்குள் ஒரு டீச்சரம்மா வந்தார். கிறிஸ்தவர். இங்கிலீஷ் பாடம் எடுப்பவர். வகுப்பு ஜன்னலுக்குக் கீழே பஸ் நிற்கிறது, ஹாரன் தொல்லை. மனுவைக் கையால் எழுதியே கொண்டுவந்துவிட்டார். ஹாரன் அடிக்கும்போது நான் பாடத்தை நிறுத்துகிறேன். பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கிறார்கள். திரும்ப ஆரம்பித்தால் எங்கே விட்டேன் என்று எனக்கே தெரிவதில்லை. இவ்வளவுதான். முன்னால் ஒரு வார்த்தை கூட இல்லை. மொட்டையாக இருக்கிறதே என்று அட்டையைக் காட்டினேன். அன்பேரபிலி போடலாமா என்றேன். கண்ணாடியை இறக்கி அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தார். எனக்கு மார்க் போடுகிறார் என்று பட்டது. "வார்த்தையைப் பெருசாக்கினா சத்தம் பெருசாகாது சார். எழுதியிருக்கறதை அடிங்க, நேரமாகுது."

என்ஜினீயர்

என்ஜினீயர் வந்தார். மில் பக்கம் கொஞ்ச நேரம்தான் நின்றாராம். காதில் பஞ்சு. அப்புறம் மேனேஜர் ரூமில் கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, தற்செயலாக வலது பக்கம் நின்று, உரக்கவே கேட்டிருக்கிறார்: மில் சத்தம் எப்படி இருக்கிறது, தாங்க முடியவில்லையா? கலியமூர்த்தி யோசித்து, ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். முன்ன மாதிரி இல்லீங்க. இப்ப ரொம்பக் கம்மி. என்ஜினீயர் அதை அப்படியே எழுதிக்கொண்டு அன்று மத்தியானமே ரயிலேறிவிட்டார். மனுச் செய்தவரே சத்தமில்லை என்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கலியமூர்த்தியை நானும் திட்டினேன், அஞ்சலையும் திட்டினார். என் கடை முன்னால் நின்று, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பாதியாவது அவர் காதில் விழுந்திருக்கும். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று வந்தது. "கொறைஞ்சுதான போச்சு. எனக்குக் கேக்கறதைத்தான் சொல்ல முடியும். பொய் சொல்லச் சொல்றீங்களா?"

குச்சி

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தத்தின் மேல் இத்தனை வருஷம் மனு அடித்தவன், ஒரு பால் மில் பக்கத்தில் நின்றதில்லை. கம்பெனியின் டைப்பிஸ்ட் லீவு போட்டால் மேனேஜர் என்னைக் கூப்பிடுவது உண்டு. அடுத்த தடவை கூப்பிட்டபோது, வேலையை முடித்துக்கொண்டு மில் ஷெட்டுக்குள் போனேன். உள்ளே போனதும் என் ஆறு வார்த்தையும் மறந்துவிட்டது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. ஆட்கள் வாயால் பேசவில்லை. விரலைச் சுற்றினால் ஓட்டு, கையை வெட்டினால் நிறுத்து.

கலியமூர்த்தி உருளைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். வாயில் ஒரு குச்சி. முழ நீளம், கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆனது. ஒரு முனை பல்லில். மறுமுனை மில்லின் இரும்புச் சட்டத்தில். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ருசி பார்ப்பவர் மாதிரி நின்றார். வெளியே வந்தபின் வலது காதில் கத்தி விசாரித்தேன். மண் அரைபட்டுவிட்டதா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்வார்களாம். முதலில் கல்லும் கல்லும் மோதும். மாவு ஆக ஆகச் சத்தம் மழுங்கி மொத்தையாகும். அந்த நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். காது இருந்தபோது நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அது போனபின் குச்சி. வீட்டில் சொல்லவில்லை, மேனேஜருக்குத் தெரியாது, ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். "காது போனா என்னாங்க, பல்லு இருக்குதுல்ல?"

கடைசி மனு

பல்லும் ஏமாற்ற ஆரம்பித்திருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் கம்பெனியில் செய்கிற பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் வெடித்துக் குவியலாகக் கிடந்தன. மாவு கொரகொரவென்று இருந்தால் சூளையில் வெடிக்கும். மேனேஜர் சூளைக்காரரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தியோடு அஞ்சலையையும் வரச் சொல்லி, நடந்ததை எல்லாம் எழுதிவிடலாம் என்றேன். குச்சி சங்கதி அப்போதுதான் அந்தம்மாவுக்குத் தெரிந்தது. எவ்வளவு நீளம் என்று என்னைக் கையால் அளந்து காட்டச் சொன்னார். பிறகு, எழுதினால் வேலை போகும், எழுதாவிட்டால் காது போகும், ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க ஐயா என்றார். சொல்ல நான் யார்? முடிவு சொன்னது கலியமூர்த்தி. சூளைக்காரன் தனக்காகத் திட்டு வாங்குகிறான், எழுதுங்க என்றார்.

அடித்தேன். மில் அரைத்து முடித்ததைக் கேட்டுச் சொல்வது என் வேலை. ஒன்பது வருஷம் கேட்டேன். இப்போது இடது காது கேட்பதில்லை, வலது பாதி. பல்லில் குச்சியைக் கடித்து மில்லைக் கேட்கிறேன். சில சமயம் தவறுகிறது. அப்போது கட்டைகள் வெடிக்கின்றன. குற்றம் சூளையில் இல்லை. என்னை அச்சுப் பகுதிக்கு மாற்றுங்கள். வெரி கூட இல்லை. லவுட் என்ற வார்த்தையே இல்லை. சத்தத்தைப் பற்றி நான் அடித்த மனுக்களில் மிகச் சின்னது அதுதான்.

தபாலில் போட்ட நாளிலிருந்து அஞ்சலை தினமும் வந்தார். சைக்கிள் கடை ஓரமாக நின்று என் முகத்தைப் பார்ப்பார், போய்விடுவார். எனக்கு மிஷினில் தப்புத் தப்பாக விழுந்தது. பதில் மூன்றாவது வாரம் வந்தது, மேனேஜருக்குப் போட்ட உத்தரவின் நகலாக. மில்லுக்குக் காது கேட்கிற ஆளாகப் பார்த்து உடனே போடவும். கலியமூர்த்தியை அச்சுப் பகுதிக்கு அனுப்பவும். அதற்குக் கீழே முக்கால் பக்கம், கெட்டுப்போன மாவைப் பற்றி விசாரணை. காதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த முதலாளியை நாலு வார்த்தை திட்டினேன். அஞ்சலை திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடுதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "மண்ணுக்காகப் பண்ணுனா என்னாங்க, மனுசனுக்காகப் பண்ணுனா என்னா? மிச்சக் காது மிஞ்சிச்சு."

அச்சுப் பகுதி

இரண்டு மாதம் கழித்துக் கலியமூர்த்தி தனியாக வந்தார். மனு எதுவும் இல்லை, சும்மாதான். அவருக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அச்சுப் பகுதி எப்படி என்று கேட்டேன். நல்ல இடம் என்றார். தண்ணி சொட்டுற சத்தம் கூடக் கேக்கற மாதிரி இருக்குது என்றார். பிறகு மிஷின் மூடியில் இருந்த அட்டையைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் விரலால் தன் நெற்றிப் பொட்டைத் தட்டினார். "மில்லு அங்க நின்னுடுச்சுங்க. இங்க மட்டும் ஓடிக்கினே இருக்குது, ராப்பகலா. வெளியில ஒருத்தருக்கும் கேக்கறதில்ல. இதுக்கு என்னா வார்த்தை போடுவீங்க?"

சத்தத்துக்கு முன்னால் போட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே வந்ததில்லை. சத்தம் நின்ற பின்னால் போடத்தான் எந்த டிக்‌ஷனரியிலும் ஒன்றும் அகப்படவில்லை.